அடைத்த வென்டிலேட்டரும் அட்டைப்பெட்டி போன்ற ஒரு ஃபில்டரும்

எங்கள் கூடத்தின் மேற்குச் சுவரில், கூரையை ஒட்டி, இரண்டடிக்கு ஒன்றரை அடி அளவில் இரண்டு வென்டிலேட்டர்கள் இருந்தன. 2014 கோடையில் ஏசி வாங்கியபோது அவற்றைச் செங்கல் வைத்து அடைத்து, பூசி, பட்டி பார்த்து, பெயின்டும் அடித்தாயிற்று. கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டினேன். ஜன்னல் இடுக்குகளில் சிலிக்கான் வைத்தேன். முப்பது வருஷம் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன் நான்; எதையும் இடுக்கில்லாமல் செய்துவிட்டால் அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும். அந்த வேலையைத்தான் சென்ற வருஷம் நானே உடைத்தெறிய வேண்டியதாயிற்று.

குரோம்பேட்டையில் முதல் மாடி வீடு. அந்தக் கூடத்தில்தான் என் மனைவி மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். 22 பேர். பொங்கல் முடிந்த கையோடு ஒரு பையன் இருமிக்கொண்டே வந்தான். திருப்புதல் தேர்வு சமயம், வீட்டில் இருத்திவைக்க அவன் அம்மாவுக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் மனைவிக்குத் தொண்டை கட்டி, பத்து நாள் வகுப்பே இல்லை. பிறகு நான்.

ஊரெல்லாம் காய்ச்சல்தான், நம் வீட்டில் மட்டும் வராமலா இருக்கும் என்றார்கள். அதுவும் சரிதான். ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. இருமிய பையன் கதவோரம் உட்காருபவன். படுத்துவிட்ட ஒன்பது பேரில் அவன் பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர்தான். மீதிப் பேர் கூடத்தின் நாலா மூலையிலும் இருந்தவர்கள். எச்சில் தெறித்துப் பரவியிருந்தால் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தானே முதலில் வர வேண்டும்? கூடம் முழுவதும் ஒரே காற்றைச் சுற்றிச் சுற்றிச் சுவாசித்திருக்கிறது என்றுதான் தோன்றியது.

தோன்றினால் போதாது, அளக்க வேண்டும். அது பட்டறைப் புத்தி.

மூச்சுக் காற்றை எப்படி அளப்பது? நாம் வெளியே விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 4 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 40,000 பங்கு. வெளிக்காற்றில் 420 பங்கு சொச்சம். அடுப்போ விளக்கோ எரியாத அறைக்குள் 420க்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ, அது முழுக்க அங்கிருப்பவர்களின் நெஞ்சிலிருந்து வந்தது. கிருமியை அந்த மீட்டர் காட்டாது. அடுத்தவர் மூச்சு எவ்வளவு என்பதைக் காட்டும்.

முதலில் வாங்கியது 1,400 ரூபாய் மீட்டர். வந்த அன்றே காலையில் சமையலறையில் கடுகு தாளிக்கும் சத்தம் கேட்டது, மீட்டர் 2,000க்குத் தாவியது. சூடம் ஏற்றினால் தாவுகிறது, கைக்கு சானிடைசர் போட்டாலும் தாவுகிறது. உள்ளே கார்பன் டை ஆக்சைடை அளக்கும் சென்சாரே இல்லை. வாசனைப் பொருள்களின் ஆவியை மோப்பம் பிடித்து, அதிலிருந்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டுகிற வகை அது. திருப்பி அனுப்பிவிட்டேன். அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு ஒளியைக் காற்று விழுங்குகிறது என்று பார்க்கிற 'என்டிஐஆர்' வகைதான் வேண்டும். அதற்கு 6,800 ரூபாய் ஆனது. இந்த முழு வேலையிலும் அதிகச் செலவு அதுதான். வாங்கியதும் மொட்டை மாடியில் அரை மணி வைத்துப் பார்த்தேன். 430 காட்டியது. நம்பலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பல மீட்டர்கள் வாரத்தில் தாங்கள் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தாமே திருத்திக்கொள்ளும். பூட்டியே கிடக்கும் அறையில் வைத்தால் அது ஏமாந்துபோய்க் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். வாரம் ஒரு முறை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது நல்லது.

மாலை ஐந்து மணிக்கு வகுப்பு ஆரம்பம். ஏசி ஓடுகிறது, கதவு சாத்தியிருக்கிறது. மீட்டரைப் பின்சுவரில், உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தலை உயரத்தில் மாட்டினேன். ஐந்தரைக்கு 2,450. ஆறு மணிக்கு 3,700. ஆறரைக்கு வகுப்பு முடிந்தபோது 4,400. ஆறு மணிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: 3,700லிருந்து 420ஐக் கழித்து 40,000ஆல் வகுத்தால் 8 சதவீதத்துக்கு மேல். என் மனைவி இழுத்த ஒவ்வொரு பன்னிரண்டு மூச்சிலும் ஒரு மூச்சு, அதே அறையில் வேறு யாரோ விட்டது. அவரிடம் சொன்னபோது முகத்தைச் சுளித்து, "இதை நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார்.

பிள்ளைகள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் காத்திருந்தேன். அரை மணியில் 4,400 என்பது 2,830க்கு இறங்கியது. இந்த இறக்கத்தைக் கொண்டு அறையின் காற்று எத்தனை தடவை மாறுகிறது என்று கணக்கிடலாம். இரண்டு எண்களிலும் 420ஐக் கழித்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து, இயற்கை மடக்கை எடுத்து, நேரத்தால் வகுக்க வேண்டும். மடக்கைக்கு மனைவி இருக்கிறார். விடை: மணிக்கு ஒரு தடவை. கூடம் 18 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி. ஏறத்தாழ 71 கன மீட்டர். ஆக மணிக்கு 71 கன மீட்டர் வெளிக்காற்று, 23 பேருக்கு. ஆளுக்கு நொடிக்கு ஒரு லிட்டர்கூட இல்லை.

இந்த எண்ணை வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். 2020 ஜனவரியில், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், குவாங்சோ நகரத்தில் ஓர் உணவகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் மதிய உணவு சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குக் கொரோனா வந்தது. பின்னர் அந்த இடத்தை அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள் கண்டது: ஏசி உள்ளிருந்த காற்றையே சுற்றவிட்டுக்கொண்டிருந்தது, வெளிக்காற்று ஆளுக்கு நொடிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத்தான் வந்தது. இடுக்கில்லாமல் நான் அடைத்த கூடமும் அந்த உணவகமும் ஒரே தரம்.

ஏசியின் வெளிப்பெட்டி வெளியே இருப்பதால் அது வெளிக்காற்றை உள்ளே அனுப்புகிறது என்று பலர் நம்புகிறார்கள். நானும் மெஷின் தெரிந்தவன் என்ற பெயரில் அதைத்தான் நம்பியிருந்தேன். ஸ்பிளிட் ஏசியில் சுவரைத் தாண்டிப் போவது செம்புக் குழாயும், அதற்குள் ஓடும் கேஸும், மின்கம்பியும், தண்ணீர் வடியும் குழாயும்தான். ஒரு பிடிக் காற்றுகூட உள்ளே வராது. சீலிங் ஃபேனும் அப்படியே. இருப்பதைக் கலக்கும், அவ்வளவுதான்.

பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. நாம் போர்த்துகீசியரிடம் வாங்கிய 'ஜன்னல்' வந்து உட்கார்ந்ததும் அந்தச் சொல் போனது. சொல் போனால் போகட்டும், வழியையும் சேர்த்து அடைத்தது நான்.

கொத்தனாருக்குப் போன் செய்தேன். வந்தவர் சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார், 2014ல் இதை அடைத்ததே நான்தான்" என்றார். அடைக்க 900 ரூபாய் வாங்கியவர் திறக்க 2,500 கேட்டார். கொடுத்தேன். உளி முதல் செங்கல்லைத் தள்ளியதும் மறுபக்கத்து வெளிச்சம் ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே விழுந்தது. கூரையடியில் தேங்கிக் கிடந்த வெப்பம் அந்த ஓட்டை வழியாக வெளியேறுவது ஏணியில் நின்ற கைக்குத் தெரிந்தது.

ஒரு திறப்பில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். இன்னொன்றைக் கொசுவலை அடித்துத் திறந்தே விட்டேன். இரண்டு வழி இருந்தால் இரட்டை நன்மைதானே என்பது என் கணக்கு. அன்று மாலை ஃபேனுக்குக் கீழே மீட்டர் 900 காட்டியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. எதற்கும் பார்ப்போம் என்று கிழக்கு மூலைக்கு எடுத்துப் போனேன். 2,000.

ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு ஏணியில் ஏறியதும் விஷயம் புரிந்துவிட்டது. திறந்த வென்டிலேட்டர் வழியாக உள்ளே வந்த காற்று, பக்கத்திலேயே இருந்த ஃபேனுக்குள் நேராகப் புகுந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. புகை இழை ஒன்று நூல் பிடித்தாற்போல வளைந்து போவதைக் கண்ணால் பார்த்தேன். கூடத்துக்குள் இறங்கவே இல்லை. வருகிற வழியும் போகிற வழியும் எதிரெதிர்ச் சுவர்களில் இருக்க வேண்டும் என்பது திண்ணையும் முற்றமும் வைத்துக் கட்டிய கொத்தனுக்குத் தெரிந்தது, எனக்கு ஊதுவத்தி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது திறப்புக்குக் கண்ணாடிக் கதவு போட்டுச் சாத்தினேன். மின்சாரம் இல்லாத நேரத்தில் திறந்துகொள்ளலாம்.

மறுநாள் வேறு கூத்து. கொசுவுக்குப் பயந்து கிழக்கு ஜன்னல்களையும் சாத்தியிருந்தேன். ஃபேன் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் முன்வரிசைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "மிஸ், ஏதோ நாறுகிறது." ஃபேன் இழுக்கிற காற்று எங்கிருந்தாவது வந்துதானே ஆக வேண்டும்? ஜன்னலில் வழி இல்லை என்றதும், கூடத்தை ஒட்டிய குளியலறையிலிருந்து, நீர் வற்றிக் கிடந்த தரைச் சாக்கடைத் துளை வழியாக இழுத்திருக்கிறது. துளையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதும் நாற்றம் நின்றது. ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல. குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள், அதன் புகையை இப்படி ஒரு ஃபேன் வீட்டுக்குள் இழுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. உள்ளே வரும் வழியைத் திறந்துவைக்காமல் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவே கூடாது. எங்கள் வீட்டில் மின்சார கீசர்தான், பிழைத்தோம்.

கிழக்குப் பால்கனி ஜன்னல்களில் புதிய வலை அடித்து, நான்கு விரல் அகலத்துக்குத் திறந்துவைத்தேன். இப்போது எந்த மூலையில் வைத்தாலும் மீட்டர் 1,160ஐ ஒட்டியே நின்றது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 500 கன மீட்டர், அதாவது ஏழு முறை காற்று மாறுகிறது. ஃபேன் பெட்டியில் அச்சடித்திருந்த அளவில் இது பாதிகூட இல்லை. வலையும் ஜன்னல் இடுக்கும் எடுத்துக்கொள்ளும் தடை அவ்வளவு. அந்த வலையில் ஜிஎஸ்டி சாலையின் புழுதி பதினைந்தே நாளில் படலமாகப் படிகிறது. கழுவாவிட்டால் இன்னும் குறையும்.

தாம்பரம் சானடோரியம் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். மின்சார ரயிலில் எத்தனை ஆயிரம் முறை அந்தப் பெயரைக் கேட்டிருப்பேன்! 1928ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. திறந்தவெளிக் காற்றே அன்றைய சிகிச்சையின் முதுகெலும்பு. அந்தக் காற்றால் காசநோய் குணமானதா என்பது வேறு கேள்வி. பிற்பாடு 1950களின் இறுதியில், சென்னையிலேயே நடந்த ஆய்வு, மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தே குணமாகலாம் என்று காட்டிவிட்டது. ஆனால் நோய் காற்றில் பரவுகிறது என்பது உண்மை. அதே 1950களில் அமெரிக்காவின் பால்டிமோரில் வெல்ஸ், ரைலி என்ற இருவர், காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாக மாடிக்குக் கொண்டுபோய்க் கினிப்பன்றிக் கூண்டுகளுக்குள் விட்டார்கள். நோயாளியைக் கண்ணால்கூடப் பார்க்காத கினிப்பன்றிகளுக்குக் காசநோய் வந்தது. புற ஊதா ஒளி பாய்ச்சிய காற்றைச் சுவாசித்தவற்றுக்கு வரவில்லை. இவ்வளவு தெரிந்திருந்தும் 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கொரோனா காற்றில் பரவுவது அல்ல என்று அறிவித்து, நம்மைக் கை கழுவச் சொல்லிவிட்டது.

புற ஊதா விளக்கு போடலாமே என்று அக்கா மகன் கேட்டான். அந்த 254 நானோமீட்டர் ஒளி கண்ணையும் தோலையும் பொசுக்கும். தலைக்கு மேலே, ஆள்மேல் படாதபடி, அளவெடுத்துப் பொருத்தத் தெரிந்தவர் வேண்டும். வீட்டுக் கைவேலைக்கு உரியதல்ல. ஓசோன் விட்டுக் காற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகளை வாசலுக்குள்ளேயே விடக்கூடாது. ஓசோன் நுரையீரலை அரிக்கும் வாயு.

ஏப்ரல் வந்தது. ஏழு முறை காற்று மாறும் கூடத்தில் ஒன்றரை டன் ஏசி என்ன செய்யும்? மூச்சு வாங்கியது. கடலோர ஊரின் வெளிக்காற்றைக் குளிரவைப்பதைவிட அதிலிருக்கும் ஈரத்தைப் பிழிவதற்கே ஏசியின் பாதி உயிர் போய்விடுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேனை ரெகுலேட்டரில் பாதிக்குக் குறைத்தேன். மணிக்கு 250 கன மீட்டர். மீட்டர் 1,900க்கு ஏறியது. இதை ஈடுகட்டத்தான் ஃபில்டர் பெட்டி.

இந்தப் பெட்டியின் மூலம் அமெரிக்கா. 2020ல் ரிச்சர்ட் கோர்சி என்ற சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் சொன்ன யோசனையை, டெக்சஸில் ஃபில்டர் நிறுவனம் நடத்திய ஜிம் ரோசன்தால் செய்து பார்த்தார். ஃபில்டர்களைப் பெட்டிபோல நிறுத்தி, மேலே ஒரு ஃபேன், சுற்றிலும் டேப். காப்புரிமை இல்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அங்கே 20 அங்குலச் சதுர ஃபேனும், 'மெர்வ் 13' தர ஃபில்டரும் எந்தக் கடையிலும் கிடைக்கும். இங்கே இரண்டும் கிடைக்கவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆலைகளின் ஏசி யூனிட்டுகளுக்கு ஃபில்டர் செய்து தரும் பட்டறைகள் இருக்கின்றன. 'எஃப்7 ஃபைன் ஃபில்டர்' என்று கேட்டால் புரிந்துகொள்கிறார்கள். மெர்வ் 13க்கு ஏறத்தாழ நிகரானது அது. 20 அங்குலச் சதுரம், இரண்டங்குலத் தடிமன், அலுமினியச் சட்டம், நான்கு. ஒன்று 650 ரூபாய். மடிப்பு எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். மடிப்பு நெருக்கமாக இருந்தால் காற்று புகும் பரப்பு கூடும், ஃபேனுக்குச் சுமை குறையும். 'ஹெப்பா' வாங்கு என்று ஒருவர் வற்புறுத்தினார். அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், உண்மை. ஆனால் சாதாரண ஃபேனால் அதற்குள் காற்றை இழுக்க முடியாது. மணிக்குச் சொட்டுச் சொட்டாக நூறு சதவீதம் சுத்தம் செய்வதைவிட, ஆறாக ஓடவிட்டு அறுபது எழுபது சதவீதம் சுத்தம் செய்வது மேல். அறைக் காற்று திரும்பத் திரும்பப் பெட்டிக்குள் வந்துகொண்டேதான் இருக்கப்போகிறது.

வைரஸோ 0.1 மைக்ரான், ஃபில்டர் நூல்களின் இடைவெளி அதைவிடப் பல மடங்கு, எப்படி நிற்கும்? அக்கா மகனின் அடுத்த கேள்வி. ஃபில்டர் சல்லடை அல்ல. வைரஸ் தனியாகப் பறப்பதும் இல்லை, எச்சில் துளி உலர்ந்த துகளுக்குள் உட்கார்ந்து வருகிறது. மிகச் சின்னத் துகள்கள் காற்றில் நேராகப் போகாமல் தள்ளாடிக்கொண்டே போகும். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நேராக நடப்பவனைவிடத் தள்ளாடுகிறவன்தான் எல்லார்மீதும் இடிப்பான், அல்லவா? அப்படி நூலில் இடித்து ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு இந்தச் செயற்கை நூல்களில் நிலைமின்சாரம் ஏற்றியிருக்கிறார்கள், அது துகளை இழுத்துக்கொள்ளும். இந்த நிலைமின்சாரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

ஃபேனுக்கு 12 அங்குல எக்ஸாஸ்ட்டே வாங்கினேன். முதலில் வாங்கியது 1,400 சுற்று. போட்டதும் விமானம் மீனம்பாக்கத்தில் இறங்காமல் எங்கள் கூடத்தில் இறங்குவதுபோல இருந்தது. வகுப்பறையில் அதை வைத்துக்கொண்டு தேற்றத்தை விளக்க முடியாது. மாற்றி 900 சுற்று வாங்கினேன். மேல் பிளைவுட்டில் வட்டம் வெட்டி, ஃபேனின் காலுக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் வாஷர் வைத்து போல்ட் போட்டதும் அதிர்வுச் சத்தமும் பாதியாகக் குறைந்தது. அமெரிக்காவில் சதுர ஃபேனின் மூலைகளில் காற்று திரும்பி உள்ளே போவதால் வட்டமாக அட்டை வெட்டி மூலைகளை மறைக்கிறார்கள். நம் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வட்டச் சட்டமே இருப்பதால் அந்த வேலை மிச்சம். மேலே கம்பி வலை கட்டாயம் வேண்டும், பிள்ளைகளின் விரல்கள் சும்மா இருக்காது. உலோக உடம்பு என்பதால் மூன்று பின் பிளக், எர்த் இணைப்புடன்.

நான்கு ஃபில்டர்களையும் சுவர்போல நிறுத்தி, அடியில் முழுப் பலகை, மேலே ஃபேன் பலகை. மூலைகளில் ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் அலுமினிய டேப். எல்லாம் முடித்து சுவிட்சைப் போட்டு ஊதுவத்தியை ஃபில்டர் பக்கத்தில் பிடித்தால், புகை என் முகத்துக்கே வந்தது. ஃபேனைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறேன்! முப்பது வருஷ அனுபவம். சத்தம் போடாமல் நான்கு போல்ட்டையும் கழற்றித் திருப்பிப் போட்டேன். இரண்டாம் முறை புகை ஃபில்டருக்குள் சென்று மறைந்தது. ஒரு மூலையில் மட்டும் மடிப்புக்குப் போகாமல் டேப்பின் ஓரத்து இடுக்கில் நுழைந்தது. அங்கே ஃபோம் பட்டை வைத்து அடைத்தேன். இடுக்கில்லாமல் அடைக்கும் என் கை இந்த ஒரு இடத்திலாவது உருப்படியாகப் பயன்பட்டது.

இதற்குக் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் உதவாது. பெட்டி துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. 'மூச்சு முட்டுகிறது, பெட்டியைப் போடு' என்பது வீண், அதற்கு ஜன்னல்தான். ஆகவே ரிச்சி தெருவில் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளை அளக்கும் லேசர் மீட்டர் ஒன்றை 2,300 ரூபாய்க்கு வாங்கினேன். அறையைச் சாத்தி, சீலிங் ஃபேனைப் போட்டு, ஊதுவத்திப் புகையால் 300 வரை ஏற்றி, பாதியாக எத்தனை நிமிடம் என்று பார்த்தேன். பெட்டி இல்லாமல் 32 நிமிடம். பெட்டியோடு 6 நிமிடம். கணக்குப் போட்டால் பெட்டி மட்டும் மணிக்கு ஐந்தரைத் தடவை, ஏறத்தாழ 400 கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்கிறது. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2023ல் பரிந்துரைத்தது மணிக்கு ஐந்து முறை. பெட்டி மட்டுமே அதைத் தாண்டிவிட்டது; எக்ஸாஸ்ட் முழு வேகத்தில் தரும் ஏழு முறையையும் சேர்த்தால் பன்னிரண்டுக்கு மேல்.

அந்த மீட்டர் இன்னொரு காரியமும் செய்தது. ஒரு நாள் கூடத்தில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றிவைத்திருந்தோம். கதவைச் சாத்திய அரை மணியில் 600ஐத் தாண்டியது. அன்றோடு சுருளுக்கு முழுக்கு.

மணிக்கு எத்தனை தடவை என்ற கணக்கு என்னை ஏமாற்றுகிறது என்பதைக் கண்டுபிடித்தது மனைவிதான். "அறை மாறவில்லை. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்தாலும் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்தாலும் அதே பன்னிரண்டு தடவைதானா? ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்" என்றார். வகுத்தேன். ஃபேன் முழு வேகத்தில் 500, பெட்டி 400, மொத்தம் 900 கன மீட்டர், 23 பேருக்கு. ஆளுக்கு நொடிக்கு 11 லிட்டர். 2023ல் 'ஆஷ்ரே' என்ற பொறியாளர் அமைப்பு தொற்றுக் காலத்துக்கென்று வெளியிட்ட 241ஆம் எண் தரம், வகுப்பறைக்குக் கேட்பது 20 லிட்டர். பாதிதான் தேறியது.

இன்னொரு பெட்டி செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வகுப்பை இரண்டாகப் பிரித்தார். 11 பேர் ஐந்து மணிக்கு, 11 பேர் ஆறரைக்கு, ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி. நடுவே கால் மணி ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டுக் கூடத்தை ஆற்றுவது. ஒரே வகுத்தலில் 20 லிட்டர் தாண்டிவிட்டது, மீட்டர் 810க்கு இறங்கியது. கோடையில் ஃபேன் பாதி வேகத்தில் ஓடும்போது 15 லிட்டர், மீட்டரில் 1,200. ஆனால் ஒரே பாடத்தை தினமும் இரண்டு முறை சொல்வது அவர் தொண்டைக்கு விழுந்த செலவு. என் கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பத்தி இல்லை.

நோய் குறைந்ததா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இந்தத் தை மாதமும் இருமலோடு பிள்ளைகள் வந்தார்கள், மூன்று பேர் விடுப்பு எடுத்தார்கள், நாங்கள் இருவரும் படுக்கவில்லை. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஒரு வீடு, இரண்டு வருஷம். ஊரில் இந்த முறை காய்ச்சலே குறைவாக இருந்திருக்கலாம். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது மீட்டர் காட்டிய எண்களை மட்டும்தான். போகியன்று விடியற்காலையில் வெளியே பிஎம் 2.5 அளவு 400ஐத் தாண்டியபோது, ஜன்னலைச் சாத்தி எக்ஸாஸ்ட்டை நிறுத்திப் பெட்டியை மட்டும் ஓடவிட்டோம். கூடத்துக்குள் 60. அன்று வீட்டில் எல்லாரும் அங்கேயே படுத்துக்கொண்டோம்.

கடைசியாக நிலைமின்சாரத்துக்கு வருகிறேன். நான்கு மாதத்தில் வெள்ளை ஃபில்டர் சாம்பல் நிறமாகிவிட்டது. மேலே தூசு ஒட்டியிருந்ததால் வேக்குவம் வைத்து இழுக்க வேண்டும் என்று காலையில் சொல்லிவிட்டு வெளியே போனேன். மாலை திரும்பினால் மொட்டை மாடியில் நான்கு ஃபில்டர்களும் வரிசையாக வெயிலில் சாய்ந்திருக்கின்றன. அம்மா சோப்புத் தூள் போட்டு ஊறவைத்து, குழாயடியில் அலசி, காயவைத்திருக்கிறார். 82 வயது. "எவ்வளவு அழுக்குடா, மூன்று தண்ணீர் மாற்றினேன்" என்றார். பார்க்கப் புதிதுபோலப் பளிச்சென்றுதான் இருந்தன. மாட்டி, ஊதுவத்தி வைத்துப் பார்த்தேன். பாதியாக 6 நிமிடம் எடுத்தது இப்போது 11 நிமிடம். சோப்புத் தண்ணீர் அழுக்கோடு சேர்த்து நூலில் இருந்த நிலைமின்சாரத்தையும் கழுவிவிட்டது.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அம்பத்தூருக்குப் போய்ப் புதிதாக நான்கு வாங்கி வந்தேன். பழையவற்றிலிருந்து நூல்பகுதியை அறுத்தெறிந்துவிட்டு, சட்டங்களைப் பரண்மேல் போட்டேன். இரண்டு நாள் கழித்து மாடிக்குப் போனால், அந்த அலுமினியச் சட்டங்களில் மிச்சக் கொசுவலையை இறுக்கிக் கட்டி, வடகம் காயும் தட்டுகளின்மேல் அம்மா கவிழ்த்து வைத்திருக்கிறார். காகம் ஒன்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.